கயிறும் கதையும்

வீட்டில் எந்நாளும் இருந்தும் நம் கண்ணில் படாத பொருள்கள் சில உண்டு. அவற்றுள் ஒன்று கயிறு. துணி உலர்த்தும் கொடியாகவும், பூத் தொடுக்கும் நாராகவும், பெட்டியைக் கட்டும் சணலாகவும் அது நம்முடன் வாழ்கிறது. வேண்டும்போது தேடுகிறோம், வேலை முடிந்ததும் மூலையில் போட்டுவிடுகிறோம். இந்த எளிய பொருளைப் பற்றித் தமிழ்மொழி என்ன சொல்கிறது, கதைகள் என்ன சொல்கின்றன என்பதை இன்று சிறிது நேரம் எண்ணிப் பார்ப்போம். தமிழகத்துக்கு வெளியே வாழும் நமக்கு இப்பொருளில் தனிப்பட்ட அக்கறை ஒன்றும் உண்டு. அது பேச்சின் போக்கில் விளங்கும்.

கயிறு என்பது பொதுப்பெயர். கிராமத்தில் பிறந்து வளர்ந்தவருக்கு அந்த ஒரு சொல் போதாது. கன்றைக் கட்டுவது தும்பு. கிணற்றில் நீர் சேந்துவது தாம்பு. நுகத்தடியில் மாட்டைப் பிணைப்பது பூட்டாங்கயிறு. காளையின் மூக்கில் செல்வது மூக்கணாங்கயிறு. வைக்கோலை முறுக்கிச் செய்தால் அது பிரி. தேரை இழுப்பது வடம். வில்லில் ஏறுவது நாண். அடுக்களையில் பால்பானையைத் தாங்கி நிற்பது உறி. கமலை இறைத்த காலத்தில் சாலைத் தூக்கிய தடித்த கயிற்றுக்கு வடம் என்றும், தோல்வாயை இழுத்துப் பிடித்த மெல்லிய கயிற்றுக்கு வால்கயிறு என்றும் பெயர் இருந்தது. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்திருந்தால் இறைப்பவருக்கும் அவர் மகனுக்கும் வேலை ஓடியிராது. பெயர்கள் பெருகியது அழகுக்காக அன்று; தொழில் தவறாமல் நடப்பதற்காகவே.

மனித வாழ்வும் கயிற்றோடு தொடங்கிக் கயிற்றோடு முடிவதாகும். தாயோடு நம்மை இணைத்தது தொப்புள்கொடி. பிறந்த குழந்தையின் இடுப்பில் ஏறுவது அரைஞாண். அதனையே மக்கள் அருணாக்கயிறு என்பர். மணநாளில் கட்டுவது மஞ்சட்கயிறு. இறுதிப் பயணத்தில் பாடையைக் கட்டுவதும் கயிறே.

இனி, கயிறு எவ்வாறு உண்டாகிறது என்பதையும் சிறிது நோக்குவோம். சிவகங்கை மாவட்டத்துச் சிங்கம்புணரி, கயிற்றுத் தொழிலுக்குப் பேர்போன ஊர். அங்கே ஒரு தென்னை நாரை எடுத்துப் பார்த்தால் அது ஏறத்தாழ ஒரு சாண் நீளமே இருக்கும். சாண் நீள நாரிலிருந்து நூறு முழக் கயிறு எப்படி வருகிறது? ஒரு நார் முடிவதற்கு முன்பே அடுத்த நாரைச் சேர்த்து முறுக்குகிறார்கள். அவ்வாறு முறுக்கிய புரிகளை ஒன்றாக வைத்து, முன்பு முறுக்கியதற்கு எதிர்த்திசையில் மீண்டும் முறுக்குகிறார்கள். ஒவ்வொரு புரியும் தன் முறுக்கை அவிழ்த்துக்கொள்ள முயலும்; அந்த முயற்சியே பக்கத்துப் புரியை இறுக்கிவிடும். கயிற்றின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை செல்லும் நார் ஒன்றுகூட இல்லை. ஆயினும் கயிறு அறுவதில்லை.

இந்தத் தொழிலைக் கண்ட நம் முன்னோர், கதை சொல்வதும் இதுபோன்றதே எனக் கருதினார்கள் போலும். ஒருவன் நடவாததை நடந்ததாக நீட்டிச் சொன்னால், "கயிறு திரிக்கிறான்" என்கிறோம். "சரடு விடுகிறான்" என்றும் கூறுகிறோம். அவனே மிகுந்த கெட்டிக்காரனாக இருந்தால், "மணலைக் கயிறாகத் திரிப்பான்" என்று வியக்கிறோம். இல்லாத கதையைக் கட்டுகிறோம்; கதையில் முடிச்சுப் போடுகிறோம்; பிறகு அதை அவிழ்க்கிறோம். சோகம் இழையோடுகிறது என்கிறோம். ஏசுவதற்கும் வியப்பதற்கும் கயிற்றுக்கடைச் சொற்களே நமக்குத் துணை.

புலவர் உலகத்திலும் இதே நிலைதான். செய்யுளியலுக்கு யாப்பு என்று பெயர். யாத்தல் என்றால் கட்டுதல். சீரும் சீரும் சேருமிடம் தளை. தளை என்பதும் கட்டே. எதுகையும் மோனையும் தொடை எனப்படும், தொடுப்பது தொடை. பா என்பது செய்யுளுக்கும் பெயர். தறியில் நீளவாட்டில் ஓடும் இழைக்கும் பெயர். பனுவல் என்ற சொல்லும் பஞ்சின் இழை, புத்தகம் ஆகிய இரண்டையும் குறிக்கும். இவை அனைத்துக்கும் முடியாக நூல் என்ற சொல் விளங்குகிறது. தைக்கும் நூலும் படிக்கும் நூலும் நமக்கு ஒன்றே.

இதற்கு விளக்கமும் உண்டு. பவணந்தி முனிவரின் நன்னூற் பாயிரத்தில் காணப்படும் ஒரு வெண்பா, புத்தகம் உண்டாகும் முறையை நூல் நூற்பதோடு ஒப்பிடுகிறது. சொற்கள் பஞ்சு; பனுவல் இழை; புலவன் நூற்கும் பெண்; அவன் வாயே அவள் கை; அவன் மதியே கதிர். பக்கத்தில் நிற்கும் மற்றொரு வெண்பா, தச்சன் அடிக்கும் நூலை நினைவூட்டுகிறது. மரத்தின் கோணலை அந்த நூல் காட்டித் தீர்ப்பதுபோல் மனத்தின் கோணலை இந்த நூல் தீர்க்கும் என்பது கருத்து. கன்னட நாட்டில் வாழும் நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி ஒன்றும் இங்குண்டு. நன்னூலைச் செய்வித்தவன் சீயகங்கன் என்னும் தலைவன். மூன்றாம் குலோத்துங்கன் காலத்தவன். கங்கர் குலத்தைச் சேர்ந்தவன். குவளாலபுரத்துக்கு உரியவன் என்று தன்னைக் கூறிக்கொண்டவன். குவளாலம் என்பது இன்றைய கோலார். தமிழ் மாணவர் பல நூற்றாண்டுகளாகப் பயின்ற இலக்கணத்துக்குக் கங்கர் குலத்தான் ஒருவன் புரவலனாய் நின்றான் என்பது நினைக்கத்தக்கது.

நாம் வாழ்வது மைசூர் விஜயநகரில். இங்குக் கடைத்தெருவில் கயிறு வாங்கச் சென்றால் 'ஹக்க' என்று கேட்க வேண்டும். அச்சொல் நமக்குப் புதிது. ஆனால் சற்றே காது கொடுத்தால் பழகிய முகங்கள் பல தென்படும். நூல் இங்கு நூலு. இழை இங்கு எளெ. தமிழில் பகரத்தில் தொடங்கும் சொற்கள் பல கன்னடத்தில் ஹகரத்தில் தொடங்குவதை நாம் அறிவோம். பால் ஹாலு ஆவதும் பாம்பு ஹாவு ஆவதும் அவ்வாறே. அந்த வழியில் நம் புரி இங்கு ஹுரி ஆகிறது. நம் பிணை இங்கு ஹெணெ ஆகிறது. நாண் என்ற சொல் நேணு என்று நிற்கிறது. ஆனால் இங்கு அது பெரும்பாலும் சுருக்குக் கயிற்றைக் குறித்து அச்சமூட்டும் சொல்லாகிவிட்டது. இரு மொழியும் ஒரே நாரில் திரித்த இரு புரிகள் என்று கூறினால் பொருந்தும்.

சில வேளைகளில் இந்தப் புரிகள் சிக்கிக்கொள்வதும் உண்டு. மைசூர்ப் பகுதியில் ஆஷாட மாதக் காற்று காற்றாடிக்கு உகந்தது. அத்தகைய ஒரு நாளில் நம் தெருவில் ஒரு வீட்டுச் சிறுவன், சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்திருந்த தன் பாட்டியிடம் ஓடிவந்து, "அப்பத்தா, எனக்குத் தாரம் வேணும்!" என்றான். கன்னடத்தில் நூலுக்குத் தார என்று பெயர். அப்பத்தாவோ தமிழ் மட்டும் அறிந்தவர். "அடி ஆத்தே! மீசை முளைக்கிறதுக்கு முந்தியே தாரம் கேக்குதா, ராசா?" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "காத்தாடிக்கு, அப்பத்தா!" என்று அவன் சிணுங்கினான். வீடு முழுதும் சிரித்தது. சிரித்த பின்பு அப்பத்தா கேட்ட கேள்விக்குத்தான் எவரும் விடை கூறவில்லை. "காத்தாடி நூலுக்கே இவனுக்குப் பேர் தெரியலையே, தும்பு, தாம்பு எல்லாம் யாரு சொல்லித் தருவா?" என்றார் அவர்.

அப்பத்தாவின் கேள்வி நியாயமானது. ஆனால் குற்றம் சிறுவனுடையது அன்று. அவன் கன்றைக் கட்டியதில்லை. கிணற்றில் நீர் சேந்தியதில்லை. கை பிடிக்காத பொருளின் பெயரை வாய் எவ்வளவு நாள் வைத்திருக்கும்? தமிழகத்து நகரங்களிலும் இன்று இதே நிலைதான். ஆயினும் அங்கே சுவரொட்டியும் பேருந்துப் பேச்சும் பள்ளிப் பாடமும் தமிழாக இருந்து ஓரளவு ஈடுசெய்கின்றன. வெளிமாநிலத்தில் வாழும் நம் பிள்ளைகளுக்கு அத்துணையும் இல்லை. வீடு ஒன்றே பள்ளி. இதனை நம் தனிப்பட்ட அக்கறை என்று தொடக்கத்தில் குறிப்பிட்டோம்.

கையும் சொல்லும் சேர்ந்தே குன்றிய மக்களின் வரலாறு ஒன்றை இங்குக் கூறலாம். அமெரிக்காவில், கலிபோர்னியாவின் வடபகுதியில் கிளாமத் என்னும் ஆறு ஓடுகிறது. அதன் கரையில் வாழும் பழங்குடியினர் கருக் மக்கள். ஐரிஸ் என்னும் காட்டுச் செடியின் இலையிலிருந்து அவர்கள் கயிறு திரித்தார்கள். ஓர் இலைக்கு இரண்டே இழை, விளிம்புக்கு ஒன்று. பெண்கள் சிப்பி ஓட்டால் இலையைச் சுரண்டி, பட்டுப் போன்ற அந்த இழையைப் பிரித்தெடுத்தார்கள். ஆண்கள் அதனைத் திரித்து மீன்வலையும் மானுக்குக் கண்ணியும் செய்தார்கள். ஒரு வலைக்கு எத்தனை இலை வேண்டியிருக்கும், எத்தனை நாள் உழைப்பு வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். மழைக்காலமும் பனிக்காலமும் அவர்களுக்குக் கதைக்காலம். நெருப்பைக் களவாடி வந்த கயோட்டி நரியின் கதை அவற்றுள் ஒன்று. துரத்துவோர் நெருங்கும்போதெல்லாம் ஒரு விலங்கிடமிருந்து மற்றொரு விலங்கு நெருப்பை வாங்கிக்கொண்டு ஓடியது. கடைசியில் தவளை அதை வாயில் அடக்கி ஆற்றைக் கடந்து கொண்டுவந்து சேர்த்தது.

1850-களில் பொன் தேடி வந்த கூட்டம் அந்த ஆற்றங்கரையை நிறைத்தது. ஊர்கள் எரிந்தன. பின்னர்ப் பிள்ளைகள் தொலைதூர விடுதிப் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கே தாய்மொழி பேசுவது தண்டனைக்குரிய செயலாயிற்று. ஆலைக் கயிறும் வலையும் வந்தன. இலையைச் சுரண்டும் கைகளும் ஓய்ந்தன. கருக் மொழியைத் தாய்மொழியாகப் பேசியவர் மிகச் சிலராகக் குறைந்தனர்.

அந்நிலையில், 1949-ஆம் ஆண்டில் வில்லியம் பிரைட் என்ற இளைஞர் அங்குச் சென்றார். முதியோரிடம் சொற்களையும் கதைகளையும் கேட்டுக் குறித்தார். அவரை அம்மக்கள் 'சின்னச் சொல்கேட்பவர்' என்ற பொருளில் ஒரு பெயரிட்டு அழைத்தார்களாம். அவர் எழுதிய கருக் மொழி இலக்கணமும் கதைத் தொகுப்பும் அகராதியும் அடங்கிய நூல் 1957-இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே, 1958-இல், பேச்சுக் கன்னடத்தைப் பற்றிய அவருடைய நூல் ஒன்று புனேயிலிருந்து வெளிவந்தது! அவர் பயின்ற பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில்தான் எமனோவும் பணியாற்றினார். நீலகிரித் தோடரிடத்தும் கோத்தரிடத்தும் மொழி பயின்ற எமனோ, பர்ரோ என்பவரோடு சேர்ந்து தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதி 1961-இல் வெளியாயிற்று. புரியும் ஹுரியும் ஒன்று என்பதற்குச் சான்று வேண்டுவோர் அதனைப் புரட்டலாம். பிரைட்டோடு சேர்ந்து தமிழ், கன்னடம், துளு ஆகியவற்றின் பேச்சு வழக்குகளை ஆராய்ந்தவர் ஏ. கே. இராமானுஜன். 1929-இல் மைசூரில், தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்தவர் அவர்.

2006-இல் பிரைட் மறைந்தார். முதியோரிடம் கேட்டு அவர் எழுதி வைத்தவற்றையும் ஒலிப்பதிவு செய்தவற்றையும் கொண்டே இன்று கருக் இளைஞர் தம் மொழியைத் திரும்பக் கற்கின்றனர். நாம் கோடிக்கணக்கான மக்கள் பேசும் மொழிக்கு உரியவர்கள். அவர்கள் நிலை நமக்கு இல்லை. எனினும் ஒரு குடும்பத்துக்குள் ஒரு மொழி மறைவதற்கு எத்தனை ஆண்டு தேவை? இரண்டு தலைமுறை போதும். மொழி உலகில் வாழ்வது வேறு, நம் வீட்டில் வாழ்வது வேறு.

சொற்களைக் கை காப்பாற்ற முடியாதபோது கதை காப்பாற்றும். இதற்கு நம்மிடமே சான்று உண்டு. சங்கப் புலவர் ஒருவருக்குத் தேய்புரிப் பழங்கயிற்றினார் என்று பெயர். அவருடைய இயற்பெயர் நமக்குக் கிட்டவில்லை. நற்றிணையின் 284-ஆம் பாட்டில் அவர் கூறிய உவமையே அவருக்குப் பெயராகிவிட்டது. பொருள் தேடி வெளியூர் சென்ற ஒருவன் பேசுவதாக அமைந்தது அப்பாட்டு. அவன் நெஞ்சு, திரும்பிச் சென்று அவள் துயர் தீர்ப்போம் என்கிறது. அறிவோ, தொடங்கிய வேலையை முடிக்காமல் திரும்புவது இழிவு, சற்றே பொறு என்கிறது. இரண்டு யானைகள் இரு பக்கமும் பற்றி இழுக்கும் தேய்ந்த பழங்கயிறுபோல் தன் உடம்பு அழிந்துபோகுமோ என அவன் கலங்குகிறான்.

இதைக் கேட்கும்போது பணியின் பொருட்டு ஊரை விட்டு வந்த நம்மில் யாருக்குத்தான் நெஞ்சு அசையாது! மைசூரில் வாழ்வோருக்கு யானையும் கயிறும் புதியன அல்ல. தசரா நாளில், ஏறத்தாழ 750 கிலோ எடையுள்ள பொன்அம்பாரியைக் கயிறுகளால் யானையின் உடலோடு இறுக்கிக் கட்டுவதைக் காண்கிறோம். அந்தக் கயிற்றைப் பிள்ளைக்குச் சுட்டிக்காட்டி, "இதைப்போல் இரண்டு யானைகள் ஒரு பழங்கயிற்றை இழுத்தால் என்ன ஆகும்?" என்று கேட்டால், ஈராயிரம் ஆண்டுப் பழமையை ஒட்டிய ஒரு தமிழ்க் கவிதை அவன் மனத்தில் இடம்பிடித்துவிடும். புரி என்ற சொல்லும் அதனோடு ஒட்டிக்கொண்டு வரும்.

தாம்புக்கும் கதை உண்டு. வெண்ணெய் திருடிய கண்ணனை யசோதை உரலோடு கட்ட முயன்றாள். எவ்வளவு கயிறு சேர்த்தாலும் இரண்டு விரற்கடை குறைந்தது. அவள் களைத்ததைக் கண்ட பிறகே பிள்ளை கட்டுண்டான். அந்தத் தாம்பைப் பெயரிலேயே கொண்டது மதுரகவியாழ்வாரின் கண்ணிநுண் சிறுத்தாம்பு. பதினொரு பாசுரங்களே உடையது. ஆழ்வார்களின் பாடல்கள் மறைந்துபோயிருந்த காலத்தில், காட்டுமன்னார்கோயிலைச் சேர்ந்த நாதமுனிகள் ஆழ்வார்திருநகரிக்குச் சென்று இச்சிறு நூலைப் பன்னீராயிரம் முறை ஓதினார் என்றும், அதன் பயனாக நாலாயிரம் பாசுரங்களும் அவருக்குக் கிட்டின என்றும் வைணவ மரபு கூறுகிறது. சிறிய தாம்பு ஒன்று நாலாயிரத்தையும் கரைக்கு இழுத்து வந்தது எனலாம். அந்தப் பாசுரங்களை இன்றும் தமிழிலேயே ஓதக் கேட்கவேண்டுமாயின் நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. மாண்டியா மாவட்டத்து மேலுக்கோட்டை, இராமாநுசர் தங்கியிருந்த திருநாராயணபுரம், மைசூருக்கு அருகிலேயே இருக்கிறது. நூற்றாண்டுகளாகக் கன்னட நாட்டில் வாழும் குடும்பங்கள், திரும்பத் திரும்பச் சொல்லியதனால் மட்டுமே அத்தமிழை அங்குக் காத்து நிற்கின்றன.

சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் இந்நாட்டில் ஒரு கதை உண்டு. முன்பு குறிப்பிட்ட இராமானுஜன் கன்னடத்தில் கேட்டுத் தம் தொகுப்பில் சேர்த்தது அது. ஒருத்திக்கு ஒரு கதையும் ஒரு பாட்டும் தெரியும். ஆனால் அவள் எவரிடமும் சொன்னதில்லை, பாடியதுமில்லை. உள்ளேயே அடைபட்டு மூச்சுத் திணறிய அவை, ஒருநாள் அவள் வாய் திறந்து உறங்கும்போது வெளியே வந்துவிட்டன. கதை ஒரு சோடிச் செருப்பாயிற்று. பாட்டு ஆடவர் அணியும் ஒரு மேற்சட்டையாயிற்று. அவற்றைக் கண்ட கணவன் ஐயுற்றுச் சண்டையிட்டு, அனுமன் கோயிலில் போய்ப் படுத்துக்கொண்டான். இரவில் ஊர் விளக்குகளின் சுடர்கள் எல்லாம் அங்கே கூடிப் பேசின. அவன் வீட்டுச் சுடர் தாமதமாக வந்து நடந்ததைக் கூறியது. உண்மை உணர்ந்த கணவன் விடிந்ததும் வீட்டுக்கு ஓடி, "உன் கதை என்ன? உன் பாட்டு என்ன?" என்று கேட்டான். அவளோ, "எந்தக் கதை? எந்தப் பாட்டு?" என்றாள். அவை அவளை விட்டுப் போய்விட்டன.

நேயர்களே, நம்மிடம் ஒரு கதையும் ஒரு பாட்டும் மட்டும் அன்று, பல உண்டு. அவற்றைச் சொல்வதற்குத் தனி வகுப்போ சங்கமோ தேவையில்லை. ஊரிலிருந்து அப்பத்தாவோ பாட்டியோ வந்திருக்கும் நாட்களில் தொலைக்காட்சியைச் சற்று நிறுத்திவைத்து, அவர்கள் காலத்துக் கிணற்றையும் மாட்டையும் தேரையும் பற்றிப் பேசச் சொல்லலாம். எதைக்கொண்டு கட்டினீர்கள், அதற்குப் பெயர் என்ன என்று பிள்ளைகளைக் கேட்கச் சொல்லலாம்; ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சின்னச் சொல்கேட்பவர் இருக்கட்டும். பக்கத்து வீட்டுக் கன்னடக் குழந்தையும் கேட்க வந்தால், ஹுரி என்று அது சொல்ல, புரி என்று நம் குழந்தை சொல்ல, இரண்டும் ஒன்றெனக் கண்டு மகிழட்டும். ஒரு நார் ஒரு சாண் நீளமே. அது முடியுமுன் அடுத்த நாரைச் சேர்த்து முறுக்குவது, கயிறு திரிப்பவர் நாள்தோறும் செய்யும் வேலை.